கால்வாய் எங்கே போய் முடிகிறது?

மழைநீர் வடிகால் வேலைக்குப் புதிதாக வரும் பொறியாளர் முன்னால் வார்டு வரைபடத்தை விரித்தால், அவர் கண் முதலில் தெருவுக்குத்தான் போகும். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எத்தனை வீடு, யார் புகார் கொடுத்தது என்று பார்ப்பார். நான் வேலை பழகிய காலத்தில் எனக்கு வாய்த்த ஓவர்சியர் அப்படிப் பார்க்கமாட்டார். வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ‘வாய் எங்க இருக்குது? அங்க மட்டம் என்ன?’ என்பார். கால்வாய் எங்கே போய் விழுகிறதோ அந்த இடத்தின் மட்டம் தெரியாமல் தெருவைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவர் கட்சி. பல மழைக்காலம் பார்த்தபின் என் கட்சியும் அதுதான்.

சென்னையின் தெற்குப் புறநகரில், தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே, என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. சென்னை நிலம் தட்டை. நகரின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6.7 மீட்டர் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். ஒரு தெருவின் மட்டம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால்வாயின் அடித்தளம் தெருவுக்குக் கீழே 1.2 மீட்டர், ஆக, 3.8. அது போய்ச் சேரும் பெரிய கால்வாயில் மழை நாளில் தண்ணீர் 2.5 மீட்டரில் ஓடுகிறது. கையில் மிச்சம் 1.3 மீட்டர். நடுவில் தூரமோ இரண்டரை கிலோமீட்டர். அதாவது ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம். இவ்வளவு சொற்ப வாட்டத்தில், ஓரிடத்தில் கொத்தனார் தளத்தை 10 செ.மீ. தூக்கிப் போட்டுவிட்டால், 200 மீட்டருக்கு உண்டான வாட்டத்தை அந்த ஒரு மேடே தின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மூடி போட்டு, நடைபாதையாக்கி, ஓரத்துக்கு மஞ்சள் கறுப்புப் பெயின்டும் அடித்திருப்பார்கள். மழை வந்தால்தான், தண்ணீர் உள்ளேயே நின்று யோசிப்பது தெரியும்.

அதனால் இந்தத் தொழிலில் ஜே.சி.பி.யைவிட முக்கியமான கருவி மூன்று கால் ஸ்டாண்டும் அதன்மேல் உட்காரும் லெவல் கருவியும். மட்டம் எடுக்க ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும். ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் கீழே ‘எம்.எஸ்.எல்.’ என்று போட்டு ஓர் எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் அது. அது போன்ற நம்பகமான ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்கும் ஆளைத் தெருத் தெருவாக நடத்திக்கொண்டு போக வேண்டும். வெயிலில் அலுப்பான வேலை. அலுத்துப்போன சிலர், தெருமுனையில் இருக்கும் ஒரு வீட்டுப் படிக்கட்டை ‘100.000’ என்று ஊகமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கிவிடுவார்கள். அந்தத் தெருவுக்குள் மட்டும் அது சரியாக வரும். அடுத்த தெருவில் வேறொரு துறை வேறொரு படிக்கட்டை வைத்துக் கட்டியிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், வரும் கால்வாயைவிட வாங்கும் கால்வாய் ஒரு முழம் உயரத்தில் இருக்கும். இப்படிப்பட்ட சந்திப்பை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு துறையின் எம்-புக்கிலும், அதாவது அளவுப் பதிவேட்டிலும், வேலை சரியாக முடிந்ததாகத்தான் எழுதியிருந்தது.

வாய் எங்கே என்று தேடிக்கொண்டு போனால் கடைசியில் ஏரிகளில் போய் நிற்போம். செங்கல்பட்டுச் சீமை ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல. சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு என்று ஒரு சங்கிலி. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரித் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். சதுப்பு ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். நடுவில் குப்பைமேடு, கல்வி நிறுவனங்கள், மென்பொருள் வளாகங்கள், அடுக்ககங்கள் எல்லாம் வந்துவிட்டன. வாங்கும் பாத்திரம் சுருங்கிவிட்டது. வரும் தண்ணீரோ பெருகிவிட்டது.

ஏரியில் எல்லாரும் கரையைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கலங்கலைப் பார்க்க வேண்டும். ஏரி எந்த மட்டத்தில் நிரம்பியதாகக் கணக்கு, அதற்கு மேல் வரும் தண்ணீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்த தீர்ப்பு அது. பழைய கலங்கல்களின் முகட்டில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். பெருமழை முடிந்தபின் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைப்பார்கள். அடைப்பது எப்போது, பிரிப்பது எப்போது என்று முடிவுசெய்ய ஊரில் ஆள் இருந்தது. நீர்க்கட்டி என்று அவருக்குப் பெயர். சம்பளம் நெல்லாக வரும். ஆயக்கட்டு மனைகளாக மாறியபின் நெல்லும் இல்லை, நீர்க்கட்டியும் இல்லை. இப்போது கலங்கல் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று காட்டும்.

ஏரிக்குள்ளேயே வீடு கட்டியவர்களைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய சேதம் போக்குக்கால்வாயில் நடந்தது. ஏரி பெரிது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கும், வானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். இரண்டு ஏரிகளை இணைக்கும் கால்வாய் பதினைந்து இருபது அடி அகலம்தான். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். முதலில் ஓரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை வரும். பிறகு கார் போக ஒரு சிறு பாலம், அந்தப் பாலத்தைத் தாங்க நடுவில் ஒரு குழாய். பத்து ஆண்டில் அது ‘கால்வாய்த் தெரு’ என்று பெயர் மாறித் தார் போட்டிருக்கும். மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி, இரண்டும் பத்திரமாக இருக்கும்; நடுவில் இருந்த வழியைக் காணோம். அப்புறம் தண்ணீர் தன் பழைய வழியில், அதாவது அந்தத் தெருவில், வந்தே தீரும்.

2015 வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் சென்னையில் யாரும் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆண்டு முழுதும் பெய்யும் சராசரியே 1,400 மி.மீ.தான். ஏரிகள் எல்லாம் தளும்பி நின்ற நேரத்தில், டிசம்பர் 1ஆம் தேதி மழை வந்தது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. தணிக்கைத் துறை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே எழுதியது. ஏரியை முன்கூட்டித் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் செம்பரம்பாக்கத்தின் தலையில் போட்டதில் ஒரு விஷயம் மறைந்துபோனது. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் சேருவது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கம் இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டுகூடத் திறக்காமல் இருந்திருந்தாலும் அவை மூழ்கியிருக்கும். அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். ஷட்டரும் இல்லை, திறக்கும் அதிகாரியும் இல்லை. கலங்கல் வழிந்து தானாக வந்தது. திறந்தவர் என்று ஒருவரைக் காட்ட முடிந்தால் ஊருக்குக் கோபத்தை இறக்கி வைக்க வசதி. ஆளில்லாத கலங்கலோடு யார் சண்டை போடுவது?

வெள்ளம் வடிந்தபின் அந்தப் பக்கத்தில் சுவர்க் கறைகளை மட்டம் எடுத்தோம். எந்த வீட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கறையைப் பார்த்து ஸ்டாஃப் வைத்துக் குறிக்கும் வேலை. ஒரு வீட்டுக் கூடத்தில் நெஞ்சளவில் அழுத்தமான பழுப்புக் கோடு இருந்தது. அதில் ஸ்டாஃபை வைக்கப் போனபோது வீட்டுக்கார அம்மா தடுத்தார்.

‘அந்தக் கறையப் பாக்காதீங்க தம்பி. அது ரெண்டாம் நாள் நின்ன கறை. மொதல் நாள் ராத்திரி தண்ணி இங்க வந்துச்சு.’

சாமி படம் மாட்டியிருந்த ஆணியைக் காட்டினார். ஆணியில் சுற்றியிருந்த பூச்சரத்து நாரில் வைக்கோல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கறைக்கோட்டுக்கு மேலே ஓர் அடிக்கும் அதிகம்.

அவர் சொன்னதுதான் சரி. தண்ணீர் அதிக நேரம் அசையாமல் நின்ற மட்டத்தில்தான் அழுத்தமான கறை விழும். உச்சத்துக்கு ஏறி உடனே இறங்கிய மட்டம் சுவரில் பெரிதாக எழுதிவிட்டுப் போகாது. ஜன்னல் கம்பியில் மாட்டிய குச்சி, சுவிட்ச் பெட்டிக்குள் நுழைந்த சேறு, இப்படி ஏதாவது சில்லறைச் சாட்சிதான் இருக்கும். அதன்பிறகு வீட்டுக்காரர்களைக் கேட்காமல் எந்தக் கோட்டையும் நாங்கள் குறிக்கவில்லை. ‘எந்தப் பக்கமிருந்து தண்ணி வந்துச்சு, எத்தனை மணிக்கு வாசப்படி ஏறுச்சு’ என்று இரண்டு கேள்வி. பால்காரருக்கும் அயர்ன் வண்டிக்காரருக்கும் இதில் துல்லியம் அதிகம். அவர்கள் எல்லாத் தெருவிலும் நடப்பவர்கள்.

அந்த மட்டங்களை எல்லாம் ஒரே தாளில் போட்டபோது, ஒரு சிறுபாலத்தின் மேல்பக்கத்து வீடுகளுக்கும் கீழ்ப்பக்கத்து வீடுகளுக்கும் நடுவே 35 செ.மீ. வித்தியாசம் வந்தது. மேலே இடுப்பளவு, கீழே முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் இருப்பது சாலையின் அகலம் மட்டும். அப்படியானால் பாலம்தான் தண்ணீரைத் தடுத்து ஏற்றியிருக்கிறது. போய்ப் பார்த்தோம். பாலத்துக்குக் கண்கள் இரண்டு. இரண்டு கண்ணுக்கும் குறுக்கே, பாதி உயரத்தில், யாரோ எப்போதோ பதித்த குடிநீர்க் குழாய் ஒன்று ஓடியது. அதில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் மாட்டி, கண்ணின் மேல்பாதி சுவராகவே ஆகிவிட்டிருந்தது. அந்தக் குழாயைப் பாலத்துக்கு வெளியே தூக்கி மாற்றியதுதான் அந்தப் பகுதியில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தந்த வேலை. திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க முடியாத வேலை என்பதால் அதற்கு நிதி வாங்கப் பட்ட பாடு தனிக்கதை.

கால்வாயின் அளவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. பெரிய ரகசியம் இல்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மணி நேரத்துக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 500 கன மீட்டர் தண்ணீர். ஒரு டேங்கர் லாரி 10,000 லிட்டர் என்றால் ஐம்பது லாரி. வயலாக இருந்தபோது அதில் முக்கால் பங்கை நிலமே வைத்துக்கொள்ளும். சிமென்ட்டும் தாரும் போட்டபின் பத்தில் ஒன்பது பங்கு வெளியே ஓடிவரும். அதாவது விநாடிக்கு 125 லிட்டர். இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் கால்வாய், 1,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் இருந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 260 லிட்டர் கொண்டுபோகும். ஆக, அது இரண்டு ஹெக்டேருக்குத்தான் காணும். அந்தக் கால்வாயின் அடியில் அரையடி வண்டல் படிந்தால், கொள்ளளவில் முப்பது சதவீதம் போய்விடும். வாட்டம் பாதியானால் அதிலும் அதே முப்பது சதவீதம். இரண்டும் சேர்ந்தால் பாதிகூட மிஞ்சாது. கால்வாய் சிறிது என்று ஊரார் குறை சொல்லும் இடங்களில் முக்கால்வாசி, கால்வாய் போதுமானதாகத்தான் இருக்கும். வண்டலும் வாட்டமும்தான் அதைத் தின்றிருக்கும்.

இன்னொன்றையும் மக்களிடம் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. எந்த மழைக்கும் தாங்கும் கால்வாய் என்று எங்குமே கிடையாது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நிரம்பி வழிந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் வரைகிறோம். மத்திய அரசின் 1993ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, புறநகர்க் குடியிருப்புகளில் ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர் வழியலாம். நகர மையத்தில் ஒருமுறை. விலை உயர்ந்த வணிகப் பகுதியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் தெருவில் ஆண்டுக்கு இருமுறை தண்ணீர் நின்றது என்றால், அன்றைய கணக்கில் கால்வாய் ஒழுங்காக வேலை செய்தது என்றுதான் பொருள்! 2019இல் வந்த புதிய கையேடு இந்த அளவுகோலை உயர்த்தியது. பெருநகரங்களின் மையப் பகுதிக்கு 5 ஆண்டில் ஒருமுறை வரும் மழை என்று வைத்தது. ஆனால் தரைக்குள் இருக்கும் கால்வாய்களில் பல பழைய கணக்கில் கட்டியவை. கையேடு மாறினால் கான்கிரீட் அகலமாகிவிடாது.

இனி வண்டல். வடிகாலில் ஓட வேண்டியது மழைத்தண்ணீர் மட்டுமே. ஆனால் பாதாளச் சாக்கடை வராத தெருக்களில், வீட்டுக் கழிவுநீர்க் குழாயை இரவோடு இரவாக வடிகாலில் சொருகிவிடுகிறார்கள். வந்த தெருக்களிலும் இணைப்புக் கட்டணத்துக்குப் பயந்து அப்படியே விட்டவர்கள் உண்டு. அதனால் தூர்வாரும் சேறு வெறும் சேறு அல்ல. மனிதரை இறக்கி மலக்கழிவை அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வடிகால் என்ற பெயரில் அந்தச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஆளை இறக்கும் ஒப்பந்தக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்ததும் வரும் வாடையிலேயே தெரிந்துவிடும், அது மழைநீர் வடிகாலா வேறா என்று. அங்கே இயந்திரம் வராவிட்டால் வேலையும் வேண்டாம். இதில் ‘அவசரம் சார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

புதிதாகக் கட்டிய கால்வாயில் முதல் மழைக்கே தண்ணீர் போகாவிட்டால் நான் முதலில் பார்ப்பது சந்திப்புகளை. வேலை நடக்கும்போது பழைய கால்வாயிலிருந்து தண்ணீர் வராமல் மண்மூட்டை போட்டு அடைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்க வேண்டும். பில் வாங்கும் அவசரத்தில் மூடியைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மண்மூட்டை உள்ளேயே இருக்கும். சென்ட்ரிங் பலகை, சவுக்குக் கம்பு, ஒருமுறை ஒரு முழு இரும்புச் சட்டி என எல்லாம் உள்ளே கிடைத்திருக்கின்றன. கடைசி மூடியைப் போடுவதற்கு முன்னால் ஒரு லாரித் தண்ணீரை மேல்முனையில் கொட்டி, கீழ்முனையில் வந்து சேருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஒப்பந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது. கொட்டிய தண்ணீர் வந்து சேராத நாட்களில் எனக்கும் அவர்களுக்கும் நடந்த வாக்குவாதங்களை இங்கே எழுத முடியாது.

சாலை உயர்வது இன்னொரு பீடை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. கட்டியபோது மூன்று படி ஏறிப்போன வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். சென்னையில் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் தொழிலே வந்துவிட்டது. வடமாநிலத் தொழிலாளர்கள் அஸ்திவாரத்தைச் சுற்றிலும் தோண்டி, நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளைச் செருகி, ஒரே நேரத்தில் திருகித் திருகி, வீட்டை மூன்று நான்கு அடி உயர்த்திவிடுகிறார்கள். பொறியாளனாக அதை வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நகரம் செய்ய வேண்டிய வேலையைத் தன் சேமிப்பில் ஒரு குடும்பம் செய்துகொள்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அந்த வீடு உயர்ந்ததும் அதில் புகுந்த தண்ணீர் உயராத பக்கத்து வீட்டுக்குப் போகும்.

மோட்டாரும் அப்படித்தான். தண்ணீர் நின்றால் ‘மோட்டார் அனுப்புங்க’ என்பார்கள். ஓடுவது கண்ணுக்குத் தெரிவதால் மக்களுக்கும் திருப்தி, அதிகாரிகளுக்கும் திருப்தி. சுரங்கப்பாதைக்கு மோட்டார் கட்டாயம் வேண்டும். அங்கே வேறு வழியில்லை. குடியிருப்பில் கேட்க வேண்டிய கேள்வி, குழாயின் மறுமுனை எங்கே என்பது. நிரம்பி நிற்கும் கால்வாயில் கொண்டுபோய்க் கொட்டினால் அதே தண்ணீர் அடுத்த சந்து வழியாகத் திரும்பி வரும். இரவு முழுதும் டீசல் எரிந்து, விடிந்து பார்த்தால் மட்டம் ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்காது.

எல்லாவற்றுக்கும் கீழே கடல் இருக்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்துகொண்டு மழையைக் கொட்டியது. அது கரையைக் கடந்தது ஆந்திரத்தில் பாபட்லாவுக்கு அருகே. அதுவரை கடல் கொந்தளித்து உயர்ந்து நின்றதால் ஆற்று முகத்துவாரங்கள் தண்ணீரை வாங்கவில்லை. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மழை நின்றபின்னும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மழைநீர் வடிகாலுக்கென்று சொன்ன ‘நாலாயிரம் கோடி என்ன ஆச்சு’ என்று ஊரெல்லாம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடல் மூடிக்கொண்ட நாளில், எத்தனை கோடிக் கால்வாயும் ஒரு நீளமான தொட்டிதான். அன்றைக்குத் தண்ணீரை அனுப்ப முடியாது; இருக்கும் இடத்தில் பிடித்துவைக்கத்தான் முடியும். அதற்கு இடம் வேண்டும். அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தங்கள் தெருவின் மட்டத்தை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

பிடித்துவைக்கும் வேலை சிறிய அளவில் நடக்கத்தான் செய்கிறது. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது தமிழ்நாடு. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். ஒரு தெருவில் நூறு வீடு இதை உள்ளே வாங்கிக்கொண்டால், தெருவுக்கு வராத தண்ணீர் தொண்ணூறு லாரி. ஆனால் மண் பார்த்துச் செய்ய வேண்டும். கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரையிலான மணல்மேட்டில் தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளே போகும். அங்கே கான்கிரீட் வடிகால் எதற்கு என்று மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் அதே உறைகிணற்றைத் தோண்டினால், ஒரு மழையில் நிரம்பிக் கொசு வளர்க்கும். அங்கே வேண்டியது குளம். பூங்காக்களில் மாநகராட்சி அமைத்த மழைநீர் உறிஞ்சு குட்டைகளும், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை 2024இல் அரசு எடுத்துக்கொண்டபின் அங்கே வெட்டிய குளங்களும் சரியான திசையில் போகும் வேலைகள். வேளச்சேரிக்கு மேலே பிடிக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் வேளச்சேரித் தெருவில் குறையும். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த யோசனை வராது.

இன்னும் எத்தனையோ திட்டங்கள் வரும். உங்கள் தெருவிலும் தோண்டுவார்கள். அப்போது கால்வாய் எத்தனை அடி அகலம், எத்தனை கோடி என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து அந்தக் கால்வாயின் நீள்வெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு வடிகால் வேலைக்கும் அப்படி ஒரு தாள் இருந்தே ஆக வேண்டும். தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் மனு போடுங்கள். அதில் வலது ஓரம், கால்வாய் போய் விழும் இடத்தில், இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று உங்கள் கால்வாயின் அடிமட்டம், மற்றொன்று அதை வாங்கும் கால்வாயில் வெள்ளம் ஓடும் மட்டம். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், அல்லது அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தால், பள்ளம் தோண்டுவதற்கு முன்பே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.